ஓர் அரிசிக்குள் ஒரு குடித்தனம்!

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, சோழவரம் வீட்டுக்கு வந்ததும் உலை வைக்க அரிசி மூட்டையைத் திறந்தாள் அவள். ஒரு கைப்பிடி அரிசியில் ஏழெட்டு வண்டுகள்! 26 கிலோ மூட்டை. பாதிகூடக் காலியாகவில்லை. தூக்கிப் போட்டால் சம்பளம் வரும் வரை என்ன செய்வது?

"குடோன்ல வைக்கிற மாத்திரை ஒண்ணு வாங்கி மூட்டைக்குள்ள போடு. ஒரு வண்டு இருக்காது" என்றார்கள் பக்கத்து வீட்டில். அவளும் தலையாட்டினாள்.

மாமியார் விடவில்லை. "புள்ளைங்க படுக்குற வீட்டுல விஷமா? மூட்டையை மாடிக்குத் தூக்கும்மா!"

மாமியார் தடுத்தது நல்லதாயிற்று. அந்த மாத்திரை, அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளிவரும். மூடிய வீட்டில் அது ஆளையே கொல்லும்.

மாடியில் பழைய புடவையில் அரிசியைப் பரப்பினார்கள். வெயில் ஏற ஏற வண்டுகள் ஓரத்துக்கு ஓடின. மகள் போன் கேமராவில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஆயா, இதுக்கு யானை மாதிரி மூக்கு இருக்கு!"

அதன் ஆயுதமே அந்த மூக்குதான். சுமார் 3 மி.மீ. நீளமுள்ள அரிசி வண்டு, மூக்கின் நுனியிலுள்ள வாயால் அரிசியில் துளை போடும். உள்ளே ஒரு முட்டை வைத்து, பிசின் போன்ற பொருளால் அடைத்துவிடும். புழு அரிசிக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும்.

"ஒரு தடவை காய வெச்சா போதாது, பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடியும் வைக்கணும்" என்று ஆயா சொல்வதன் காரணம் இதுதான். வெயில் விரட்டுவது வெளியே இருப்பவற்றைத்தான். அரிசிக்குள் இருப்பவை பிறகுதான் வரும்.

"இதைவிடச் சின்ன வண்டு இருக்கா?" என்றாள் மகள். போனிலேயே பதில் கிடைத்தது. 2015-ல் ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸி பொலிலோவ், கொலம்பியாவில் காளானில் வாழும் வண்டு ஒன்றை அளந்தார். நீளம் 0.325 மி.மீ.! ஓர் அரிசி வண்டின் நீளத்துக்கு அதில் ஒன்பதை வரிசையாக நிறுத்தலாம். அத்தனை சிறிய உடலிலும் மூளை உண்டு, கண் உண்டு, இறகு போன்ற சிறகும் உண்டு. முட்டையோ உடலுக்கு மிகப் பெரியது என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் வைக்கும்.

பதினைந்து நாள் கழித்து மாடியில் மறுபடியும் புடவை விரிந்தது. இந்த முறை ஓடிய வண்டுகள் கொஞ்சம்தான். சம்பள நாளில் மூட்டையின் அடியில் இன்னும் நாலு படி அரிசி மிச்சமிருந்தது.