பத்துத் தலைவர்கள், ஒரு தலைவலி

அன்புள்ள அண்ணாச்சி,

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்து, ஐம்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமத்தில் ஏழு நாள் முகாம் போட்டவர் நீங்கள். இங்கே புக்கிட் பாத்தோக்கில், எங்கள் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளியின் சேவை நாள் காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். சிரிக்காதீர்கள். அந்த அரை நாளுக்குத் தொண்டூழியக் குழுத் தலைவர்கள் பத்துப் பேர். அவர்களுக்குத் தலைவனாக என்னைப் போட்டுவிட்டார்கள்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இந்த ஏற்பாடு 1997இல் வந்தது. ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு 6 மணி நேரமாவது சமூக சேவை செய்யவேண்டும் என்றார்கள். 2012இல் பெயரையும் நோக்கத்தையும் மாற்றி, நற்பண்புகளைச் செயலில் காட்டும் திட்டம் ஆக்கினார்கள். பிள்ளைகள் வாயில் அது ‘வி.ஐ.ஏ.’ பெயர் மாறினாலும் மணிக்கணக்கு ஒழியவில்லை. இணைப்பாட நடவடிக்கைகளை அளக்கும் ‘லீப்ஸ் 2.0’ முறையில் சேவைக்கும் இடமுண்டு. அதில் நன்றாகத் தேறினால் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் 2 புள்ளி வரை சலுகை. “அங்கிள், இன்னிக்கு எத்தனை ஹவர்ஸ் போடுவீங்க?” என்று ஒரு பையன் கையெழுத்துப் போடும்போதே கேட்டான். எனக்கு அதில் வருத்தமில்லை. உங்கள் மாணவர்களும் இரண்டாண்டில் 240 மணி நேரம், அப்புறம் சான்றிதழ் என்று எண்ணிக்கொண்டுதானே வந்தார்கள்?

வேலை இதுதான்: பக்கத்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாடகை புளோக்குகளில் ஓரறை, ஈரறை வீடுகளில் இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பது. அரிசி, பிஸ்கட், மைலோ அடங்கிய பையைக் கொடுத்து, உட்கார்ந்து பேசி, கேட்டால் மின்விசிறியைத் துடைத்துத் தருவது. 2030இல் இந்நாட்டுக் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ இருப்பார் என்று அரசாங்கமே சொல்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கதவுகளைத் தட்டிப் பழக்குவது வீண்போகாது.

என் பாடு பிள்ளைகளோடு இல்லை, தலைவர்களோடு. ஓய்வுபெற்ற ஆசிரியை, தாதி, கப்பல் பட்டறைப் பொறியாளர், வங்கிக்காரர், பழைய மாணவர்கள் இருவர்... எல்லாரும் நாலு பேரை வேலை வாங்கிப் பழகியவர்கள். முதல் கூட்டத்திலேயே ஆளுக்கொரு திட்டம். பொறியாளர் நிமிடவாரியாக எக்செல் அட்டவணையே கொண்டுவந்திருந்தார். நம் ஊர் வழக்கப்படி ஒருவர் மைக்கைப் பிடித்து ஆணையிட்டால் இப்படிப்பட்டவர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் இஷ்டப்படிதான் செய்வார்கள். அதனால் அவர்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை மூன்றே மூன்றாகக் குறைத்தேன்: யாரும் தனியாக ஒரு வீட்டுக்குள் போகக்கூடாது, உள்ளே படம் எடுக்கக்கூடாது, மழையோ மயக்கமோ என்றால் எனக்கு உடனே போன். மற்றதெல்லாம் குழுத் தலைவர் முடிவு.

படம் வேண்டாம் என்றதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. பள்ளி இதழுக்கு என்ன போடுவது என்றார்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பை கட்டுவதைப் போடுங்கள் என்றேன். ஓரறை வீட்டில் ஒருவருடைய படுக்கை, துணி, மாத்திரை எல்லாம் ஒரே பார்வையில் கிடக்கும், அண்ணாச்சி. அங்கே கேமராவுக்கு என்ன வேலை?

அடுத்த முடிச்சு மொழி. இந்தத் தலைமுறைச் சீனப் பாட்டிகள் பலருக்கு ஹொக்கியனோ தியோச்சூவோதான் வீட்டுமொழி. 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்துக்குப் பிறகு வளர்ந்த வீடுகளிலோ ஹொக்கியன் தேய்ந்துவிட்டது. பேரனும் பாட்டியும் பேசிக்கொள்ள மூன்றாவது ஆள் தேவைப்படும் நிலை. குழுக்களை வகுப்புவாரியாகப் பிரித்திருந்த பள்ளிப் பட்டியலைத் தாதியம்மா கலைத்தார். யார் வீட்டில் பாட்டியோடு ஹொக்கியன் பேசுகிறீர்கள், யாருக்கு மலாய் வரும், யாருக்குத் தமிழ் வரும் என்று கேட்டு, குழுவுக்கு ஒவ்வொருவராகப் பிரித்துவைத்தார். எனக்கு இது தோன்றவே இல்லை. சேவை நாளன்று ஒரு மலாய் மாணவி சீனப் பாட்டியிடம் “சுடா மக்கான்?” (சாப்பிட்டாச்சா?) என்று கேட்க, பாட்டி பழைய சந்தை மலாயில் கதை சொல்லத் தொடங்கிவிட்டார். மாண்டரின் மட்டும் தெரிந்த இரண்டு சீனப் பையன்கள் ஓரமாக நின்று மின்விசிறியைத் துடைத்தார்கள்.

பத்தரை மணிக்கு ஆசிரியையிடமிருந்து போன். ஒரு தாத்தா பையை வாங்க மாட்டேன் என்கிறாராம். “அடுக்களையில் ஏற்கெனவே மூன்று மூட்டை அரிசி நிற்குது. என்ன செய்யட்டும்?” பண்டிகைக்குப் பண்டிகை ஒவ்வொரு அமைப்பும் அரிசிதான் கொண்டுவருகிறது, தனி ஆள் எவ்வளவு சோறு தின்பார்? “நீங்கதான் தலைவர்” என்றேன். நாற்பதாண்டு வகுப்பறையை ஆண்டவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. பையை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, தாத்தாவின் மருத்துவச் சந்திப்புக் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் செய்திருக்கிறார். அந்தக் குழு அட்டவணைப்படி முடிக்கவேண்டிய வீடுகளில் பாதியைத்தான் முடித்தது. பொறியாளர் முகம் சுளித்தார். மீதி வீடுகளை அவர் குழுதான் ஏற்றுக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும்.

பள்ளிக்கு எழுதும் அறிக்கையில் இரண்டைக் கேட்டிருக்கிறேன்: அடுத்தமுறை அரிசி வாங்குமுன் அந்த வட்டாரத்து முதியோர் நிலையத்தில் என்ன தேவை என்று விசாரிக்கவேண்டும், அதே பிள்ளைகள் அதே வீடுகளுக்கு மறுபடி போகவேண்டும். இரண்டாவதற்கு நேர அட்டவணை இடம் தராது என்று இப்போதே முணுமுணுப்புக் கேட்கிறது.

உங்கள் முகாம்களில் குழுத் தலைவர்களை நீங்களே பொறுக்கினீர்களா, மாணவர்களிடமே விட்டீர்களா? இரண்டு வரி எழுதிப் போடுங்கள். வருகிற கூட்டத்தில் பழைய மாணவர்கள் இருவரும் அந்தக் கேள்வியைத்தான் எழுப்பப் போகிறார்கள்.

அன்புடன்,
புக்கிட் பாத்தோக்கிலிருந்து உங்கள் தம்பி