போணி நேரம்

ஆம்பூர் பஜாருக்குக் காலையிலேயே போகாதே என்று நண்பர் சொல்லியிருந்தார். கேட்கவில்லை. ஷூ கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது; சும்மா விலை விசாரிக்கலாமென்று குனிந்து உள்ளே போனேன். “வாங்க சார், போணி நேரம், பாத்துக் கேளுங்க” என்றார் கடைக்கார பாய். மாட்டிக்கொண்டேன்.

போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம். உருதில் போஹனி, தெலுங்கில் போணி. இரண்டு மொழியும் தமிழோடு கலந்து புழங்கும் பாலாற்றங்கரையில் அது யார் வீட்டுச் சொல் என்று யாரும் கேட்பதில்லை. (தண்ணீர் மொள்ளும் போணி வேறு, அது போகணி தேய்ந்தது.) முதல் ஆள் வெறுங்கையோடு இறங்கிப் போகக் கூடாது, கடன் சொல்லக் கூடாது. பதிலுக்குக் கடைக்காரர் விலையில் இறங்கியாக வேண்டும். மூடநம்பிக்கை என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பேரம் பேசத் தெரியாதவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

பாய் எடுத்துப் போட்டது எக்ஸ்போர்ட் ரிஜெக்ட், அதாவது ஏற்றுமதியில் கழித்த ஷூ. பழுப்பு நிறம், தையலில் ஒரு பிசிறில்லை. வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இடது கால் வலதைவிடக் கொஞ்சம் கறுப்பு. ஒரே தோலில்கூட முதுகுப் பக்கம் இறுகியிருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும். சாயம் ஒன்றுபோல ஏறாது. ஜோடி பார்த்து வெட்டாவிட்டால் இப்படித்தான். “ஷேடு மாத்தம் சார், வேற ஒண்ணுமில்ல. அங்க போணியாகல.”

போணியாகல என்றால் விலைபோகவில்லை. ஓடாத படத்துக்கும் தேறாத வரனுக்கும் இதே சொல்தான். இந்த ஊரில் அதற்குக் கூடுதல் கனம் உண்டு. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலாகவே சரக்கு சீமைக்குப் போனது. தோலை அப்படியே அனுப்பாதே, பொருளாக்கி அனுப்பு என்று எழுபதுகளில் அரசு கெடுபிடி செய்யவே, ஆம்பூர் ஷூவுக்கு மாறியது. கம்பெனிக்குள் போணி கிடையாது, ஆர்டர், ஷிப்மென்ட்தான். யார் காலுக்குப் போகிறது என்று தைத்தவருக்குத் தெரியாது. அங்கே கழிந்தது பஜாருக்கு வந்துதான் மனுஷ முகத்தைப் பார்க்கிறது.

900 சொன்னார், 750-க்கு முடிந்தது. நோட்டை வாங்கி, “பிஸ்மில்லா” என்று கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். நான் லேஸ் கட்டி நிமிர்வதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். அதே ரகம், 900. பைசா குறையாது என்றார் பாய்.

வாங்குவதென்றால் காலையில் போங்கள். சும்மா பார்க்கத்தான் என்றால், பிரியாணி சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் போங்கள்.