காதுக்குப் பொருந்தினால்தான் பாட்டு

வானொலியில் வேலை செய்பவளிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. "எனக்குப் புடிச்ச பாட்ட எப்பம்மா போடுவ?" என்பது ஒன்று. "எந்த இயர்பட்ஸ் வாங்கலாம்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சிரித்தே சமாளித்துவிடலாம். இரண்டாவதற்கு விடை தேடி, அண்மையில் ஒரு சனிக்கிழமை முழுவதும் தம்பியுடன் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

தம்பி வாரத்தில் நான்கு நாள் காலாங் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதையில் ஓடுகிறான். ரயிலிலும் வேலையிடத்திலும் பாட்டில்லாமல் அவனுக்குப் பொழுது நகராது. "ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஜோடி போதும்க்கா. 200 வெள்ளிக்குள்ள" என்றான். கைப்பேசியில் பட்டியல் தயாராக இருந்தது. எந்த புளூடூத், எத்தனை மில்லிமீட்டர் டிரைவர், எத்தனை மணி நேர பேட்டரி என எல்லாம் எழுதியிருந்தான். அவன் காது மட்டும் பட்டியலில் இல்லை.

இயர்பட்ஸ் பெட்டிக்குள் பெரும்பாலும் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் ரப்பர் முனைகள் இருக்கும். நடுத்தர அளவைப் பொருத்தியே விற்பார்கள். வாங்குபவர்களில் பலர் மற்ற இரண்டையும் பெட்டியைவிட்டு எடுப்பதே இல்லை. காதுத் துவாரத்துக்கும் முனைக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருந்தாலும் போதும், தவிலும் பேஸ் கிட்டாரும் அந்த வழியாகக் கசிந்துவிடும். மிச்சம் இருப்பது தகர டப்பாவில் தட்டிய மாதிரி ஒரு சத்தம். உடனே "செட் சரியில்லை" என்று பழி போட்டுவிட்டு ஒலியைக் கூட்டுகிறோம்.

கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிச்சாதனக் கடைகள் நிறைய உண்டு. அங்கே ஒரு கடையில் மாதிரி ஜோடிகளைப் போட்டுப் பார்க்க விட்டார்கள். தம்பியின் இடது காதுக்கு நடுத்தர முனை பொருந்தியது, வலது காதுக்குப் பெரியது தேவைப்பட்டது. இது ஒன்றும் அதிசயமில்லை. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வாயை மென்று காட்டச் சொன்னேன், பிறகு நாலு தடவை குதிக்கச் சொன்னேன். தாடை அசையும்போது காதுத் துவாரத்தின் வடிவமும் சற்று மாறும். நின்றபடி கச்சிதமாக இருப்பது ஓடும்போது நழுவுவது அதனால்தான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த ஜோடியை நீட்டினார்.

சோதித்துப் பார்க்க 'பிரியா' படப் பாடல்களைப் போட்டேன். 1978ல் வந்த படம். அதன் காட்சிகள் பல நம் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டவை. அதன் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான தொடக்ககாலத் தமிழ்ப் பாடல்களில் சேரும். இளையராஜா எந்த வாத்தியத்தை வலப்பக்கம் வைத்தார், எதை இடப்பக்கம் வைத்தார் என்று நல்ல ஜோடியில் விரல் விட்டுச் சொல்லலாம். முனை பொருந்தாத ஜோடியில் எல்லாம் நடுவில் குழைந்துவிடும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோவதுதான் நல்லது. கடையில் போடும் பாட்டு, கடைச் சாமானை விற்பதற்கென்றே பொறுக்கியெடுத்தது.

இங்கேதான் 'ஒரே ஜோடி' என்ற திட்டம் ஆட்டம் கண்டது. நேரலையில் பேசும்போது எங்களில் பலர் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைப்போம். காதை முழுவதும் அடைத்தால், எலும்பு வழியாக வரும் நம் குரல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே முழங்கும். ஓட்டத்திலும் இதே கதைதான். இரு காதுகளையும் விரலால் பொத்திக்கொண்டு நடந்து பாருங்கள், ஒவ்வொரு அடியும் 'தும் தும்' என்று மண்டைக்குள் விழும். போதாததற்கு, பூங்கா இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை மிதிவண்டியும் மின்ஸ்கூட்டரும் போக அனுமதி உண்டு. பின்னால் அடிக்கும் மணி ஓடுபவரின் காதில் விழவேண்டும்.

அதனால் ஓட்டத்துக்கு, துவாரத்தை அடைக்காமல் காதின் வெளியே அமரும் திறந்த வகைதான் சரி என்றேன். "பேஸே இல்லையேக்கா" என்றான். ஓடும்போது உனக்கு எதற்குடா பேஸ்? ஆனால் அதே ஜோடியோடு ரயிலில் ஏறினால் சுரங்க இரைச்சலை மீற ஒலியை ஏற்றிக்கொண்டே போகவேண்டும். அங்கே தேவை காதை அடைக்கும் வகை, முடிந்தால் இரைச்சலைக் குறைக்கும் வசதியுடன். ரயிலின் உறுமல், குளிர்சாதனத்தின் முனகல் போன்ற சீரான தாழ்ந்த ஒலிகளை அது நன்றாகவே மட்டுப்படுத்தும். பக்கத்து இருக்கை ஆன்டியின் தொலைபேசிக் கதையை அவ்வளவாக மறைக்காது.

அந்த வசதிக்கு நான் காசு கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் எங்கள் அப்பா. கப்பல் பட்டறையில் துரு தேய்க்கும் இயந்திரத்தோடு ஏறக்குறைய 30 ஆண்டு வேலை பார்த்தவர். இரைச்சலால் கெடும் காது முதலில் இழப்பது பெரும்பாலும் உச்ச அதிர்வெண்களை. ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. என் நிகழ்ச்சியை அப்பா தவறாமல் கேட்பார். "உன் குரல் கேக்குதும்மா, என்ன சொல்றேன்னுதான் பிடிபடல" என்பார். உள்காதின் நுண்ணிய உணர்வு அணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. கேட்புக் கருவி ஒலியைப் பெருக்கித் தரும், போன தெளிவை முழுசாகத் திருப்பித் தராது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். தம்பி ரயிலில் போய்வரும் நேரம் மட்டுமே வாரத்துக்கு 8 மணி நேரத்தைத் தாண்டும். இதைக் கூட்டிக் காட்டியதும் டிரைவர் மில்லிமீட்டர் பேச்சு நின்றது. பல கைப்பேசிகளில் ஒலியளவுக்கு உச்சவரம்பு வைக்க முடியும். கடைவாசலிலேயே அவன் கைப்பேசியில் வைத்துவிட்டேன்.

வியர்வை விஷயம் சுருக்கமாக. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் எந்தப் பக்கமிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை, நம் ஊர்ப் புழுக்கத்தில் வழிவதோ உப்பு வியர்வை. ஓடி முடித்ததும் துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் சார்ஜ் ஏறும் முனைகள் அரித்துப்போகும்.

கடைசியில் 200 வெள்ளியை இரண்டாகப் பிரித்தோம். பெரிய பங்கு ரயிலுக்கான ஜோடிக்குப் போனது. ஓட்டத்துக்கான ஜோடியை இன்னும் வாங்கவில்லை. காது மடலில் கவ்வும் வகையா, காதுக்குப் பின்னால் வளையும் வகையா என்று இரண்டு வாரமாக யோசிக்கிறான். இதற்கிடையில் அம்மாவும் காலை நடைக்கு ஒரு ஜோடி கேட்டிருக்கிறார். பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும், அதைவிட முக்கியமாகத் தோட்டில் சிக்கக்கூடாதாம்.