பழைய சாமானைக் குடுங்க சித்தப்பா!

ஸ்டீயரிங்கை ஒரு பக்கமா முழுசா ஒடிச்சு, வண்டியை மெதுவா நகர்த்திப் பாருங்க. முன் சக்கரத்துகிட்ட இருந்து 'டக்... டக்... டக்...'னு கோலிக்குண்டு உரசுற மாதிரி ஒரு சத்தம் வருதா? அப்படின்னா, இந்த மாசம் உங்க வீட்டு பட்ஜெட்டில் துண்டு விழுறது நிச்சயம்!

எங்க வீட்டில் விழுந்தது 2025 ஜூலை கடைசி வாரத்தில். அப்பா நாமக்கல்லில் டாக்ஸி ஓட்டுறார். வெள்ளை டீசல் செடான், மஞ்சள் போர்டு, ஓடினது 2,80,000 கிலோமீட்டர். (கம்பெனி பேர் வேண்டாம். பாவம், அது மேல எந்தத் தப்பும் இல்லை.) முக்கால்வாசி சவாரி கொல்லிமலைக்குத்தான். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பிச்சு மேலே போய்ச் சேர்றதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு. 70 தடவை ஸ்டீயரிங்கை ஒடிக்கணும். 70 தடவையும் 'டக் டக்'. பின் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிற பாட்டி, "ஏந்தம்பி, வண்டி மேல போய்ச் சேந்துருமா?"னு கேட்க ஆரம்பிச்சிட்டாங்களாம்.

ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. மலையில் வல்வில் ஓரி விழாவும் அதை ஒட்டித்தான் நடக்கும். அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவினு சவாரி அள்ளும். எங்க வீட்டுக்கு தீபாவளி அப்போதான். அப்பாவுக்கு அஞ்சு ட்ரிப் புக் ஆகியிருந்தது.

நான் கோவையில் மூணாவது வருஷம் மெக்கானிக்கல். (பொண்ணா, மெக்கானிக்கலானு கேட்கிறவங்களுக்கு... ஆமாங்க, கிளாஸில் நாங்க நாலு பேர் இருக்கோம்!) கைனமேட்டிக்ஸ் பேப்பரில் யுனிவர்சல் ஜாயின்ட் ஒரு 13 மார்க் கேள்வி. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் பேரில் 'ஹூக்ஸ் ஜாயின்ட்'னு நாங்க மனப்பாடம் பண்றதை, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் 'க்ராஸ்'னு ஒரே வார்த்தையில் முடிச்சிடுவாங்க. லாரிக்கு அடியில் குனிஞ்சு பார்த்தா, நீளமா ஒரு குழாய் தெரியுமே... அதோட முனையில் கூட்டல் குறி மாதிரி இருக்கிற இரும்புதான் அது. அம்பாஸடர் காரிலும் அதே கதைதான். இன்ஜின் முன்னாடி, வண்டியைத் தள்ளுற சக்கரம் பின்னாடி.

1983-ல் மாருதி 800 வந்த பிறகுதான், முன் சக்கரமே இழுக்கிற கார்கள் நம்ம தெருக்களில் பெருகின. சிக்கலும் அங்கேதான். முன் சக்கரம் சுத்தவும் வேணும், திரும்பவும் வேணும். ஹூக்ஸ் ஜாயின்ட்டைச் சாய்வா வெச்சா, இந்தப் பக்கம் சீரா சுத்தினாலும் அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். வண்டி உதறும். இதுக்கு மருந்து கண்டுபிடிச்சவர் ஆல்ஃபிரட் ஸெப்பானு ஃபோர்டு கம்பெனி இன்ஜினீயர், 1920-களில். ஒரு கிண்ணம், அதுக்குள்ளே ஆறு எஃகுக் குண்டு. எந்தக் கோணத்தில் திரும்பினாலும் ரெண்டு பக்கமும் ஒரே வேகம். அதான் சி.வி. ஜாயின்ட். அதுக்குள்ளே கிரீஸ். கிரீஸ் வெளியே போகாம இருக்க மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் பூட். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அது கிழிஞ்சா கிரீஸ் வெளியே, மண்ணும் தண்ணியும் உள்ளே. கோலிக்குண்டு சத்தத்தோட ஜாதகம் இவ்வளவுதான்.

செமஸ்டர் லீவில் இருந்தேன். அப்பாவை ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய், வலப்பக்கம் முழுசா ஒடிச்சு வட்டம் அடிக்கச் சொன்னேன். நான் வண்டி கூடவே நடந்தேன். இடது சக்கரத்தில் 'டக் டக்'. அடுத்து இடப்பக்கம் ஒடிச்சு ஒரு வட்டம். வலது சக்கரத்தில் சத்தமே இல்லை. குனிஞ்சு டார்ச் அடிச்சா, இடது பூட் வாயைப் பிளந்துகிட்டு, ரிம்மோட உள்பக்கம் பூரா கிரீஸ். வலது பூட்டில் கீறல்கூட இல்லை. ஓரமா கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்த பசங்க, ஓட்டற காருக்குப் பக்கத்திலேயே நடக்கிற என்னை ஒரு மாதிரியாத்தான் பார்த்தாங்க!

அங்கே இருந்து நேரா ஷெட்.

ஷெட்காரரைப் பத்தி முதல்லயே சொல்லிடணும். அப்பாவுக்கு அவரோட 12 வருஷப் பழக்கம். அவர் அப்பாவை 'அண்ணா'ம்பார், அப்பா அவரை 'தம்பி'ம்பார், அதனால எனக்கு சித்தப்பா. 2020 லாக்டவுனில் வண்டி மாசக்கணக்கா நின்னு, பேட்டரி செத்து, பிரேக் பிடிச்சுக்கிட்டப்போ, "இருக்கறப்ப குடுங்கண்ணா"னு எல்லாத்தையும் சரி பண்ணிக் கொடுத்த மனுஷன். அந்தக் கணக்கை அப்பா தீர்த்தது 2021 பொங்கலுக்கு. ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்கலை. அதனால அப்பாவும் அவர்கிட்ட எதையும் கேட்டதில்லை. என்ன மாத்தினீங்க, எதுக்கு இவ்வளவு, பில் எங்கே... எதுவுமே!

வண்டியை ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு வந்தார். "ரெண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட் போயிருச்சுங்கண்ணா. ஒண்ணு 8,500. லேபர் சேத்தி 19,500 ஆகும்."

அப்பா தலையாட்டப் போனார். நான் குறுக்கே விழுந்தேன். "சித்தப்பா, வலது பக்கம் சத்தமே இல்லீங்களே. பூட்டும் நல்லாத்தான் இருக்கு."

சிரிச்சார். "மலையேறற வண்டி அம்மிணி. ஒண்ணு மாத்தி, இன்னொண்ணு பாதி வழில நின்னா?" இதில் நியாயம் இருக்கு. ஆனா, சத்தமே போடாத ஜாயின்ட்டுக்கு 8,500 ரூபாய் நியாயம் இல்லை. கடைசியில் இடது மட்டும், லேபர் 1,500, மொத்தம் 10,000-னு முடிவாச்சு. கிளம்புறப்போ சொன்னேன்... "பில்லும், கழட்டுற பழைய சாமானும் வேணும் சித்தப்பா."

ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் நின்ன மாதிரி இருந்தது. அப்பா தரையைப் பார்த்தார். சித்தப்பா கையைக் கழிவுத்துணியில் துடைச்சுக்கிட்டே, "பன்னெண்டு வருசமா உங்கப்பா கேக்காததை நீ கேக்கற அம்மிணி. பில்லு போட்டா டாக்ஸ் ஏறும், பரவால்லியா?"ன்னார். (அப்போ ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். 18 ஆனது 2025 செப்டம்பர் 22-ல்.) வீட்டுக்கு வர்ற வழி பூரா அப்பா என்கிட்ட பேசலை.

ரெண்டு நாளில் வண்டி வந்தது. சத்தம் சுத்தமா இல்லை. இடது பக்கம் கறுப்பு பெயின்ட் பளபளக்க ஒரு ஷாஃப்ட். பெட்டி இல்லை. பில்லுக்குப் பதிலா ஒரு துண்டுச்சீட்டு: 'டி.ஷாப்ட் 1 - 8,500'. பழைய ஷாஃப்ட்? "இரும்புக்காரன் அள்ளிட்டுப் போய்ட்டான் அம்மிணி." அப்பா 10,000 ரூபாயையும் எண்ணிக் கொடுத்துட்டார்.

மறுநாள் காலை. வண்டி நின்ன இடத்தில், அம்மா போட்ட கோலத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. தொட்டு மோந்து பார்த்தேன். கந்தக வாடை. இன்ஜின் ஆயில் இல்லை, கியர் ஆயில்! இந்த ஷாஃப்ட்டோட இன்னொரு முனை கியர் பாக்ஸுக்குள்ளே செருகியிருக்கும். அதை உருவினாலே கொஞ்சம் ஆயில் ஊத்தும். திரும்பச் செருகறப்போ வாய் ஓரத்தில் இருக்கிற ஆயில் சீல் சிதையலாம். அதனால, ஷாஃப்ட்டைக் கழட்டினா சீலைப் பார்க்கணும், ஆயில் அளவைச் சரி பண்ணணும். பக்கவாட்டில் இருக்கிற அளவு நட்டைக் கழட்டினா, எங்க வண்டியில் ஆயில் அந்த ஓட்டை விளிம்பு வரைக்கும் நிக்கணும். கழட்டினேன். விரலை விட்டேன். எட்டவே இல்லை. இப்படியே ரெண்டு தடவை மலை ஏறியிருந்தா, 8,500 எல்லாம் சில்லறை. கியர் பாக்ஸே காலி!

எனக்கு கோபம்னா கோபம். ராத்திரியே உட்கார்ந்து அப்பாவுக்கு வகுப்பு எடுத்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. சேவையில் குறைபாடு இருந்தா 1915-க்கு போன் போடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளே இருந்தா மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வெச்சாத்தான் ஆச்சுன்னும் இல்லை.

அப்பா பொறுமையா கேட்டார். "கேஸ் போட்டு ஜெயிச்சுருவ கண்ணு. நாளைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நாப்பதாவது வளைவுல வண்டி நின்னா யாரைக் கூப்புடறது? 1915-ஐயா?"

என்கிட்ட பதில் இல்லை. எந்தப் பாடத்திலேயும் இதுக்கு விடை இருக்கிறதா தெரியலை.

ஆனா, காலையில் ஒரு அதிசயம் நடந்தது. பல் விளக்கிட்டு வந்து பார்த்தா, அப்பா வண்டிக்கு அடியில் படுத்திருக்கார். கையில் என்னோட டார்ச். ரொம்ப நேரம் கழிச்சு வெளியே வந்தவர், ஒரே வரி சொன்னார். "வண்டில ஏறு, ஷெட்டுக்குப் போயிட்டு வரலாம்." அதுக்கு முன்னாடி ரெண்டு லிட்டர் கியர் ஆயில் வாங்கிட்டு வந்து விளிம்பு வரைக்கும் ஊத்தினோம்.

ஷெட்டில் நான் வாயைத் திறக்கவே இல்லை. அப்பாதான் பேசினார். "தம்பி, ரெண்டு வருசத்துக்கு முன்ன சோளக்காட்டுல கட்டுக்கம்பி சுத்திக்கிச்சு. ஆக்ஸா பிளேடு வெச்சு நாந்தான் அறுத்து எடுத்தேன். ஷாஃப்ட்டு மேல ரெண்டு கோடு விழுந்துருச்சு. புது ஷாஃப்ட்டுலயும் அந்த ரெண்டு கோடு இருக்குது."

பெயின்ட் நிறத்தைத்தான் மறைக்கும். தழும்பை மறைக்குமா?

சித்தப்பா பையனை டீ வாங்க அனுப்பினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடந்தது இதுதான். ஷாஃப்ட் எங்களோடதேதான். வெளி ஜாயின்ட்டை மட்டும் எடுத்துட்டு புது ஜாயின்ட், புது பூட் போட்டிருக்கார். கிட் விலை 3,200. இரும்புக்காரன் கதை எதுக்குன்னு இப்போ புரியுதா? இல்லாத பழைய ஷாஃப்ட்டை எங்கே இருந்து கொடுப்பார்!

இங்கே ஒரு விஷயம். மெக்கானிக்கல் மாணவியா சொல்றேன், அது சரியான வேலை. உள் ஜாயின்ட் நல்லா இருக்கறப்போ முழு ஷாஃப்ட்டையும் மாத்த வேண்டியதே இல்லை. வேலை சரி, சீட்டில் எழுதினதுதான் பொய். அதையே நேரா கேட்டேன். "ஜாயின்ட் மட்டும் மாத்தினேன்னு சொல்லியிருந்தா நாங்க சந்தோஷப்பட்டிருப்போமே, ஏன் சித்தப்பா?"

"எல்லாரும் உன்னாட்ட படிச்சவங்களா அம்மிணி? சாமானுக்கு எட்டாயிரம்னா எவனும் வாயைத் தொறக்க மாட்டான். லேபர் மூவாயிரம்னு சொல்லிப் பாரு... 'ரெண்டு மணி நேர வேலைக்கு மூவாயிரமா?'ம்பான். சாமானுக்கு இருக்கிற மருவாதி கைக்கு இல்ல. அதான் கைக்கூலியையும் சாமான் மேல ஏத்திப் போடறது."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பாதிதான் இறங்கினது. கைக்கூலிக்குப் பேரம் பேசறது நாமதான், உண்மை. கிரீஸில் முங்கிக் கிடக்கிற மனுஷனுக்கு 1,500 கொடுக்க மூக்கால் அழறவங்க, அட்டைப் பெட்டியில் வந்தா எட்டாயிரத்தை எண்ணாமக் கொடுக்கிறோம். ஆனா, ஆயில் ஊத்தாம அனுப்பினதுக்கு இந்த நியாயம் எதுவும் பொருந்தாது. அதைச் சொன்னேன். அதுக்கு அவர் பதில் சொல்லலை. பையனைப் பார்த்தார். பையன் டீ கிளாஸைப் பார்த்தான்.

அப்பா என் நோட்டை வாங்கி அவரே எழுதினார். ஜாயின்ட் கிட் 3,200. லேபர் 3,000. மீதி 3,800, அடுத்த வேலைக்கு வரவு. "லேபர் 1,500-தானே பேசினோம்?"னு நான் கிசுகிசுத்தேன். "கை வேலைக்கு அது கம்மி"ன்னார். சித்தப்பா அந்த நோட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார். அன்னிக்கு ராத்திரி பத்தரை வரைக்கும் அவரே வண்டிக்கு அடியில் படுத்து சீலை மாத்தினார். சிந்தின ஆயிலைத் திரும்ப நிரப்பினார். சீலுக்கும் ஆயிலுக்கும் காசு வாங்கலை. அளவு நட்டைக் கழட்டி, "விரலை உட்டுப் பாரு அம்மிணி"ன்னார். பார்த்தேன். விளிம்பு வரைக்கும் இருந்தது.

அஞ்சு ட்ரிப்பும் நல்லபடியா போய் வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் முன்ன மாதிரி பேசிக்கிறாங்களானு கேட்டா, முதல் ஒரு மாசம் இல்லை. போனில் ரெண்டு பேருமே கொஞ்சம் ஜாஸ்தியா 'ங்க' போட்டாங்க. அப்புறம் சரியாச்சு.

தீபாவளி லீவில் வந்தப்போ டார்ச் அடிச்சேன். வலது பூட்டில் மெல்லிசா வெடிப்பு. கிரீஸ் இன்னும் வெளியே வரலை. சத்தமும் இல்லை. அப்பா ஷெட்டுக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை நான் கூடப் போகலை. சாயங்காலம் சீட்டோட வந்தார். 'வலது வெளி பூட் 1 - 450. கிரீஸ் - 150. லேபர் - 1,200. கியர் ஆயில் அளவு பார்த்தது. வரவில் கழித்தது 1,800, பாக்கி வரவு 2,000.' அடியில் கோணல் மாணலா இன்னொரு வரி: 'பழைய பூட் பாப்பாவிடம் கொடுக்கவும்.'

அந்த வெடிச்ச ரப்பர் பூட் இப்போ எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கு. அம்மா வாரம் ஒரு தடவை, "இந்தக் கருமத்தை எப்ப தூக்கிப் போடப்போற?"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.