எவரெஸ்ட் பாதையில் ஒரு பிளக் பாயின்ட்: கேமராவுக்கு சார்ஜ் எங்கே, படங்களுக்குப் பாதுகாப்பு எங்கே?

கோரக் ஷெப்பில் மாலை 5 மணி ஆகிவிட்டால், விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் அடுப்பைச் சுற்றியுள்ள இடத்துக்கு எவ்வளவு கிராக்கியோ, அவ்வளவு கிராக்கி கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மல்டி பிளக்குக்கும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 5,164 மீட்டர் உயரம். வெளியே குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே, காய்ந்த யாக் சாணம் எரியும் அடுப்பருகே பூண்டு சூப் குடித்துக்கொண்டிருப்பவர்களின் கண்கள் அடிக்கடி அந்தப் பக்கம் போய் வரும். தன் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துவிட்டதா என்று பார்க்கத்தான்!

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் நடைப்பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் ஷூ, ஜாக்கெட், முழங்கால் என்று எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் தயாராகிறார்கள். கேமராவுக்கான திட்டம் மட்டும் கடைசி நாள் இரவில், பெட்டியை மூடும்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. போய்வர சுமார் 12 நாள்கள் ஆகும் பாதையில், மேலே ஏற ஏற மின்சாரம் குறைந்துகொண்டே போகும் என்பதை அங்கே போன பிறகு தெரிந்துகொள்வது கொஞ்சம் தாமதம்தான்.

முதலில் நல்ல செய்தி. நேபாளத்திலும் நம் ஊரைப் போலவே 230 வோல்ட் மின்சாரம்தான். நம்முடைய பிளக் பெரும்பாலான இடங்களில் அப்படியே பொருந்திவிடும். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறவர்கள் அடாப்டர் தேடும்போது நம்மவர்கள் நிம்மதியாக இருக்கலாம். 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜார் வரை பெரிய கவலை கிடையாது. அந்தப் பகுதியில் தாமே கிராமத்தை ஒட்டி ஆஸ்திரிய உதவியுடன் கட்டப்பட்ட சிறு நீர்மின் நிலையம் உண்டு. நாம்சேயில் பேக்கரியும் காபிக் கடையும் ஜொலிப்பது அந்தத் தண்ணீரின் புண்ணியத்தில்தான்.

அடுத்து வரும் டெங்போச்சே மடாலயத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒரு சோகமான தொடர்பு இருக்கிறது. அங்கே மின்சாரம் வந்து அதிக காலம் ஆகாத நிலையில், 1989 ஜனவரியில் மின்கோளாறால் மூண்ட தீயில் மடாலயம் எரிந்துபோனது. பழைய ஓவியங்களும் சுவடிகளும் சாம்பலாயின. இன்று எல்லோரும் படம் எடுப்பது அதன் பிறகு கட்டப்பட்ட கட்டடத்தை. மரத்தால் ஆன விடுதி அறைகளில் இரவு முழுக்க சார்ஜரைச் செருகி வைத்துவிட்டுத் தூங்குவதை அங்குள்ளவர்கள் விரும்பாமல் இருப்பதில் ஆச்சர்யமே இல்லை.

டிங்போச்சே, லோபுசே என்று மேலே போகப் போக சோலார் தகடுகளை நம்பித்தான் பிழைப்பு. பல விடுதிகளில் அறைக்குள் பிளக் பாயின்ட்டே இருக்காது. கூடத்தில் கொடுத்துத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். உயரம் கூடக் கூட அதுவும் கூடும். மேகமூட்டமான நாளென்றால், காசு கொடுத்தாலும் "நாளைக்குப் பாருங்கள்" என்பார்கள். சார்ஜ் ஏற்றக்கூட காசா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால், அந்தத் தகடுகளும் பேட்டரிகளும் சாலையே இல்லாத பாதையில் மனிதர் முதுகிலோ யாக்கின் முதுகிலோ ஹெலிகாப்டரிலோ வந்தவை. பகலில் சேமித்த வெயிலில்தான் இரவில் அவர்கள் சமையலறை விளக்கும் எரிய வேண்டும். கட்டணம் நியாயமானதே.

பவர் பேங்க் இருந்தால் போதாதா? உதவும். ஆனால், கணக்கில் பலரும் ஏமாறுகிறார்கள். 20,000 எம்.ஏ.ஹெச் பவர் பேங்க், 2,280 எம்.ஏ.ஹெச் கேமரா பேட்டரி. வகுத்தால் ஒன்பது முறை வரவில்லையா? வராது. இரண்டின் வோல்டேஜும் வேறு. அந்த பவர் பேங்க்கில் இருப்பது சுமார் 74 வாட் ஹவர், 7.2 வோல்ட் கேமரா பேட்டரிக்குத் தேவை சுமார் 16 வாட் ஹவர். வழியில் வீணாவதையும் கழித்தால் மூன்று முறைதான் கணக்கு. மொபைலும் அதிலேயே குடித்தால் இன்னும் குறையும். எனவே முழு சார்ஜ் ஏற்றிய கூடுதல் பேட்டரிகள் மூன்றையாவது எடுத்துப்போவதுதான் எளிய வழி.

இவை எல்லாம் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். பவர் பேங்க்கையும் தனி பேட்டரிகளையும் செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. 100 வாட் ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. அதைத் தாண்டினால் விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பேட்டரியின் உலோக முனைகளில் செல்லோடேப் ஒட்டிவிடுவது நல்லது.

இனி குளிர். லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். 60 சதவிகிதம் காட்டிய பேட்டரி பத்து நிமிடத்தில் கண்ணை மூடும். பலர் இதைப் பார்த்துவிட்டு பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அதை எடுத்து உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால், மிச்சமிருந்த சார்ஜ் திரும்பிவரும். இரவில் பேட்டரிகளை சாக்ஸுக்குள் சுருட்டி, தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்வதைப் பழகியவர்கள் அனைவரும் செய்கிறார்கள். இன்னொன்று: உறைந்துபோன பேட்டரியை உடனே சார்ஜில் போடக் கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் ஆகும். கேமராவையும் குளிரிலிருந்து நேராக அடுப்படிக்குக் கொண்டுபோனால் லென்ஸுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, உள்ளே வந்து அறைச் சூட்டுக்குப் பழகிய பிறகு திறக்கலாம்.

காலா பத்தர் விஷயத்தில் ஒரு ரகசியம். எவரெஸ்ட்டை நன்றாகப் பார்க்க, 5,500 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த மேட்டுக்குப் பெரும்பாலான குழுக்கள் விடியற்காலை இருட்டில்தான் ஏறுகின்றன. பேட்டரிக்கு அதைவிடக் கொடுமையான நேரம் இல்லை. அத்தனை பாடுபட்டு ஏறினால், சூரியன் எவரெஸ்ட்டின் பின்னாலிருந்து எழும். படத்தில் மலை கறுப்பு நிழலாகவே விழும். மாலையில் போனால் மறையும் சூரியன் சிகரத்தின் மீது நேராக அடித்து, பாறை பொன்னிறமாகும். வானம் தெளிவாக இருக்க வேண்டும், இறங்க டார்ச் வேண்டும், கூட வழிகாட்டி வேண்டும். படத்துக்காக என்றால் மாலைதான் சரி.

எடுத்த படங்களை எங்கே வைப்பது? பழைய வகை, உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதன் முனை, தட்டின் மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று அடர்த்தி குறைந்தால் அது தட்டில் உரசக்கூடும். பெரும்பாலானவற்றுக்கு இயக்க உயர வரம்பு 3,048 மீட்டர்; நாம்சேயே அதைத் தாண்டிவிடுகிறது. எஸ்.எஸ்.டி-யில் சுழலும் பாகம் இல்லை என்பதால் இந்தத் தொல்லை கிடையாது. வைஃபை கார்டு வாங்கி எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடலாம் என்ற கனவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு நாலு படம் அனுப்ப அது போதும். நாளொன்றுக்கு 300 ரா படங்கள் என்றால் 7 ஜி.பி-க்கு மேல் வரும், அதற்குத் தாங்காது.

கார்டு விலையைப் பார்த்து ஒரே பெரிய கார்டில் மொத்தப் பயணத்தையும் அடக்குகிறவர்கள்தான் அதிகம். 64 ஜி.பி கார்டுகள் மூன்றோ நான்கோ வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது மேல். ஒன்று கெட்டாலும் மூன்று நாள்தான் போகும். எஸ்.எஸ்.டி-யில் நகல் எடுத்துவிட்டோமே என்று கார்டை அழித்து மறுபடி பயன்படுத்துவதும் வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் இருப்பது நகல் ஆகாது.

ஒரு படம் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்த மலையே சாட்சி. 1924-ல் எவரெஸ்ட்டின் உச்சியை நோக்கிப் போய்த் திரும்பாத மேலோரி, இர்வின் இருவரிடமும் சின்ன கோடாக் கேமரா ஒன்று இருந்ததாக நம்பப்படுகிறது. மேலோரியின் உடல் 1999-ல் கிடைத்தது; கேமரா இல்லை. 2024-ல் இர்வினின் பாதமும், அவர் பெயர் தைத்த காலுறையும் பனியாற்றில் கிடைத்தன. அப்போதும் கேமரா இல்லை. உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்வி நூறு ஆண்டுகளாக அந்த ஃபிலிம் சுருளுக்குள் கிடக்கிறது.

திரும்பும் வழியில் எல்லோருக்கும் ஒரு அலட்சியம் வரும். இறங்கிவிட்டோம், இனி என்ன என்று கடைசி பேட்டரியையும் நாம்சே சந்தையிலேயே தீர்த்துவிடுவார்கள். ஆனால் லுக்லா இருக்கிறதே! 527 மீட்டர் நீளம் மட்டுமே உள்ள, சரிவாக அமைந்த அந்த ஓடுபாதையிலிருந்து விமானம் பள்ளத்தாக்கை நோக்கிப் பாய்வது பயணத்தின் கடைசி நல்ல காட்சி. மேகம் இறங்கினால் விமானம் ரத்து. ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். ஒரு பேட்டரியை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். விமானத்தில் எடை அதிகமானால், ஆள் முன்னே போய், பெரிய பை அடுத்த விமானத்தில் வருவதும் உண்டு. துணிமணி எப்போது வந்தாலும் பரவாயில்லை. மெமரி கார்டுகள் சட்டைப் பையில் இருக்கட்டும், எஸ்.எஸ்.டி கூட வருகிறவரின் கைப்பையில்.