மஞ்சள் பொட்டு

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையோரம், வாய்க்கால் வரப்பில் ஓர் அம்மாள் குந்தி உட்கார்ந்து வல்லாரை கிள்ளுகிறாள். வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு இலையும் காம்புமாகக் கூடையில் போடுகிறாள். வேர் இருந்தால்தான் மறுபடி துளிர்க்கும். கூடையில் பாதி செங்கல்பட்டுச் சந்தைக்கு, துவையலுக்கு. மீதி ஜிஎஸ்டி சாலையோரத்துப் பார்மசி கல்லூரி ஒன்றுக்கு.

அங்கே இலை நிழலில் காய்ந்து, பொடியாகி, ஆல்கஹாலில் ஊறி வடிந்து, பீங்கான் கிண்ணத்தில் கரும்பச்சைப் பசையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கரைத்துச் சுண்டெலிகளில் ஒரு கூட்டத்துக்குப் புகட்டியாயிற்று. இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் கரைசல். மூன்றாவதற்கு மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின். எந்த எலி எது என்று தெரிய ரோமத்தில் பிக்ரிக் அமிலத்தால் மஞ்சள் பொட்டு: ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில். மருந்து புகட்டிய மாணவி வெளியே போய்விட்டாள். ஸ்டாப்வாட்ச் பிடித்திருக்கும் இன்னொரு மாணவிக்கு எந்தப் பொட்டுக்கு எந்த மருந்து என்று தெரியாது. தெரியவும் கூடாது, நல்லது நடக்கவேண்டும் என்ற ஆசை விரலுக்கு முந்திக்கொள்ளும்.

கண்ணாடி உருளையில் தண்ணீர். வாலைப் பிடித்து எலியை மெல்ல இறக்குகிறாள். அது சுவரைப் பிறாண்டுகிறது, சுற்றுகிறது, மூழ்கி எழுகிறது. முதல் 2 நிமிடம் கணக்கில்லை. பிறகு கால்கள் தளர்கின்றன. மூக்கு மட்டும் மேலே. மீசை நடுங்குகிறது. அவள் விரல் அழுத்துகிறது. எலி மறுபடி உதைத்தவுடன் விரல் விலகுகிறது. கடைசி 4 நிமிடத்தில் அசையாமல் மிதந்த வினாடிகள்தான் கணக்கு. ஆறாவது நிமிடம் முடிந்ததும் துண்டில் பொதிந்து ஈரம் துடைக்கிறாள். தண்ணீரைக் கொட்டிப் புதிது நிரப்புகிறார் உதவியாளர்.

1977-இல் போர்சோல்ட் என்ற ஆய்வாளர் வகுத்த சோதனை இது. மனச்சோர்வு மருந்து கொடுத்தால் எலி அதிக நேரம் போராடும். ஆனால் வெறும் துறுதுறுப்பைத் தரும் மருந்தும் அப்படித்தான் செய்யும். அதனால் நடமாட்டத்தைத் தனியாக அளக்க ஓரத்தில் ஆக்டோபோட்டோமீட்டர் காத்திருக்கிறது. மிதப்பது சோர்வா, பலத்தைச் சேமிக்கிற புத்தியா என்று விஞ்ஞானிகளுக்குள்ளேயே வாதம் ஓயவில்லை. சீன மருத்துவத்திலும் வல்லாரை உண்டு. அங்கும் 2003-இல் அதிலுள்ள ட்ரைடெர்பீன் என்ற வேதிப்பொருள்களைக் கொடுத்துச் சுண்டெலிகளை நீந்தவிட்டார்கள். கடல் தாண்டியும் அதே உருளை, அதே நீச்சல்.

உதவியாளர் வாளியைக் கீழே வைக்கிறார்.

"ஏம்மா, அசையாம நின்னா அதுக்குச் சோகமா?"

"சோகம்னு சொல்ல முடியாதுண்ணா. அசையலை, அவ்வளவுதான்."

"என் தங்கச்சி அப்படித்தாம்மா. விடிஞ்சா எழுந்திரிக்கவே மாட்டா. மாத்திரை சாப்பிடறா. அதை விட்டுட்டு இதையே அரைச்சுக் குடுத்தா?"

மாணவி ஸ்டாப்வாட்சை மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கம் முழுசாகத் திரும்புகிறாள். 2010-இல் கொல்கத்தா ஆய்வாளர்கள் பதற்ற நோயுள்ள 33 பேருக்கு வல்லாரை கொடுத்துப் பார்த்தார்கள். 60 நாளில் பதற்றமும் சோர்வும் குறைந்ததாக எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்து பெற்ற கூட்டம் இல்லை. இதையெல்லாம் படித்தவள்தான் அவள்.

"மாத்திரையை நிறுத்திடாதீங்கண்ணா. டாக்டரைக் கேக்காம ஒருவேளைகூட விடக்கூடாது. கீரையாச் சமைச்சுக் குடுங்க, அதுவும் அவர்கிட்ட சொல்லிட்டு. மருந்தா இதை மனுசங்களுக்கு ஒழுங்காப் பாக்கணும், இன்னும் பாக்கலை."

"எப்ப பாப்பாங்க?"

அவளிடம் தேதி இல்லை. தலையில் பொட்டு வைத்த எலியைக் கூண்டிலிருந்து எடுக்கிறாள்.