எதைக் கழிப்பது?

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஆவுடையார்கோவில் என்றதும் எல்லோரும் கொடுங்கையைப் பற்றித்தான் பேசுவார்கள். கருங்கல்லை மரச்சட்டம் போல இழைத்து இறக்கியிருக்கும் அந்தக் கூரை விளிம்பைப் போல் வேறெவராலும் செய்ய இயலாது என்பதனால், அக்காலத்துச் சிற்பிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போதே "ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிக்கொள்வார்களாம். தாரமங்கலத்துத் தூணும் திருவலஞ்சுழிப் பலகணியும் அந்த நீங்கலில் சேரும் என்பார்கள். சென்ற கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் இந்த ‘நீங்கலாக' என்னும் சொல்லோடுதான் கழிந்தது. பொருள் கல் அன்று, பாட்டு.

என் தாத்தாவை நாங்கள் ஐயா என்றுதான் அழைப்போம். 1974ஆம் ஆண்டு தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் ரேடியோ செட் கட்டியவர். பலகையில் ‘ஒலிபெருக்கி நிலையம்' என்று எழுதியிருந்தாலும் ஊர் வாயில் அது ரேடியோ செட்தான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், மதுஎடுப்பு, கட்சிக் கூட்டம் என எதுவானாலும் முதல் நாள் மாலையே புளியமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிடுவார். பாட்டு எந்தத் திசையில் கேட்கிறது என்று பார்த்துத்தான் வெளியூர் உறவினர்கள் கல்யாண வீட்டைக் கண்டுபிடிப்பார்களாம். நான் பள்ளியில் சேர்வதற்குள் அந்தத் தொழில் ஓய்ந்துவிட்டது. மிஞ்சியவை ஐந்து டிரங்குப் பெட்டிகள்.

முதற்பெட்டி சாமிப் பாட்டு. சீர்காழி கோவிந்தராசன் பாடிய விநாயகர் பாட்டு ஒலிக்காமல் ஐயாவின் குழாய் எந்த ஊரிலும் வாய் திறந்ததில்லை. அதன் பிறகு எல். ஆர். ஈசுவரியின் மாரியம்மன் பாட்டுகள். இரண்டாவது கல்யாணப் பெட்டி. மூன்றாவது, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்கு உரியது. அதில் பாதி நாகூர் ஹனிபா. அவர் கட்சிப் பாட்டும் பாடியவர் அல்லவா? ஆகவே கட்சிப் பெட்டியான நான்காவதிலும் அவர் குரல் இருந்தது. அதே பெட்டியின் அடியில்தான் கதை வசனம். ‘திருவிளையாடல்' (1965) வசனம் முழுவதும் எங்கள் அப்பாவுக்கு மனப்பாடம். பள்ளிப் பாடம் அவருக்கு அவ்வளவு ஏறவில்லை என்பது வேறு செய்தி. ‘விதி' (1984) படத்தின் நீதிமன்ற வசனக் கேசட் மட்டும் மூன்று பிரதிகள். ஒன்று தேய்ந்தால் ஒன்று என்று வாங்கினார்களாம். ஐந்தாவது பெட்டிக்குச் சில்லறைப் பெட்டி என்று பெயர். எதிலும் சேராதவை எல்லாம் அதில் கிடந்தன.

2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எங்களுக்கும் வீடு கிடைத்தது. 360 சதுர அடி. பழைய கூரை வீட்டையும் அதையொட்டிய தகரக் கொட்டகையையும் பிரித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். புது வீட்டில் ஐந்து பேரும் ஒரு பீரோவும் போக, பரணில் ஒரே ஒரு டிரங்குப் பெட்டிக்கு இடம் உண்டு. அம்மா அளந்து பார்த்துச் சொல்லிவிட்டார்கள். படித்த பிள்ளை என்பதனால் எதை வைப்பது என்று முடிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ரேஷன் அட்டையில் பெயர் திருத்துவதிலிருந்து கரண்டு பில் வரை எல்லாம் என்னிடம்தான் வரும். இதுவும் அப்படியே வந்தது.

எண்ணிப் பார்த்தேன். அரக்கு ரிக்கார்டு 41, வினைல் ரிக்கார்டு 112, கேசட் 580. ஒரு மணி நேரக் கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஒரு பக்கத்துக்கு 1800 நொடி. ஆக நாடாவின் நீளம் ஏறக்குறைய 86 மீட்டர். எல்லாக் கேசட்டையும் அந்த அளவென்று வைத்துக்கொண்டால் 50 கிலோ மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் ஊரில் நாடாவின் ஒரு நுனியைக் கட்டிவிட்டு அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை வரை இழுத்துக்கொண்டே போகலாம்.

தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். "எல்லாப் பாட்டும் போன்ல இருக்கு, மொத்தத்தையும் போட்ருவோம்" என்றான். அப்பா, விலை போவதை விற்றுவிட்டு விலை போகாததை வைத்துக்கொள்ளலாமா, அல்லது அதற்கு நேர்மாறாகச் செய்யலாமா என்று இரண்டு நாள் குழம்பினார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, நான் எடுப்பதையும் வைப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயற்பியல் மாணவி என்பதனால் நான் முதலில் பொருளின் நிலையைப் பார்த்தேன். அரக்கு ரிக்கார்டு உண்மையிலேயே அரக்கினால் ஆனது. புரசு முதலிய மரங்களில் ஒட்டி வாழும் பூச்சி சுரக்கும் அரக்கு அது. உலகத்துக்கே இந்தியாதான் பெருமளவு அனுப்பிற்று. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்துக் குறைந்தபோது, அமெரிக்காவில் பழைய ரிக்கார்டைத் திருப்பிக் கொடுத்துப் புதியதை வாங்கினார்கள். பழையது உடைந்து புதியதாயிற்று. ஒரு பக்கம் மூன்று நிமிடப் பாட்டு. கீழே விழுந்தால் ஓடு போல் உடையும். ஆனால் ஈரம் அதை எளிதில் தின்பதில்லை. மின்சாரம் இல்லாமல் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனுக்கு ஏற்றதாகையால் நம் நாட்டில் 1960களிலும் இவை வெளிவந்தன. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளே இந்தியாவில் அரக்குத் தட்டில் வந்தனவென்றால் பாருங்கள்.

கேசட் அப்படியன்று. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது 1980களில். மெல்லிய நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடு துகளைப் பசை கொண்டு பூசியிருப்பார்கள். துகளின் காந்த நிலைதான் பாட்டு. பசை கெட்டால் துகள் உதிரும். துகள் உதிர்ந்தால் பாட்டு உதிரும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் எங்கள் கொட்டகைத் தகரத்தைக் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் போட்டது. அன்று நனைந்தவை சாமிப் பெட்டியும் சில்லறைப் பெட்டியும். பல கேசட்டுகளின் உள்ளே வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது.

நிலையைப் பார்த்துக் கழிப்பதானால் நனைந்தது போகவேண்டும், நன்றாயிருப்பது நிற்கவேண்டும். மூன்று ‘விதி' கேசட்டும் நிற்கும். இது எனக்கே சரியாகப் படவில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது உலகத்தில் வேறெங்காவது இருக்குமா என்று மட்டும் கேட்கத் தொடங்கினேன்.

கேட்ட மாத்திரத்தில் கணக்குத் தலைகீழாயிற்று. கல்யாணப் பெட்டி ஏறக்குறைய முழுவதும் போயிற்று. அந்தப் பாட்டுகளை ஆயிரக்கணக்கான பிரதிகளாக விற்றார்கள், இன்றும் கிடைக்கின்றன. ஹனிபா போனார். ஈசுவரி போனார். திருவாசகக் கேசட்டுகள் நான்கு இருந்தன. மாணிக்கவாசகர் ஊரில் இருந்துகொண்டு இவற்றைக் கழிக்க எனக்குக் கை வரவில்லை. ஐயாதான் முதன்முறையாக வாய் திறந்தார். "மார்கழியில தெருவுல பாடிக்கிட்டுப் போறாகள்ல, அவுக இருக்கையில இது எதுக்கு ஆத்தா?" என்றார். அவையும் போயின.

ஒன்றில் மட்டும் தடுமாறினேன். அரக்குத் தட்டுகளில் ஐந்து பி. யு. சின்னப்பா பாடியவை. நம் புதுக்கோட்டைக்காரர், 1951இல் தம் 35ஆம் வயதில் மறைந்தவர். அவர் பாட்டும் பல இடங்களில் பத்திரமாக இருக்கிறது. என் விதிப்படி அவரும் போகவேண்டியவர்தான். ஆனால் ஐயா செட் தொடங்கிய ஆண்டில் பழைய தட்டாக முதன்முதல் வாங்கியவை அந்த ஐந்தும். அவற்றை வைத்துக்கொண்டேன். விதியை வகுத்தவளே அதை மீறலாமா என்று தம்பி கேட்டான். மீறலாம் என்றேன்.

சில்லறைப் பெட்டிக்கு வருகிறேன். விலைக்கு விற்றது எதுவும் அதில் இல்லை. ஐயா வெற்றுக் கேசட் போட்டு மைக்கிலிருந்து நேரே பதிவு செய்தவை 43. பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த வள்ளி திருமணம் நாடகம்; பொங்கலன்று பெண்கள் அடித்த கும்மி; நாற்று நடுகையில் பாடியது; ஒரு சடங்கு வீட்டில் மொய் வாசிப்பு. மொய் வாசிப்பைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். ஆனால் யார் யாருக்கு என்ன முறை, எந்த ஊர், எவ்வளவு என்று நாற்பது நிமிடம் அதில் ஓடுகிறது. எங்கள் ஊரைப் பற்றி இவ்வளவு விவரமான புத்தகம் ஒன்றை நான் நூலகத்தில் பார்த்ததில்லை.

43தானா இருந்தது என்று கேட்டேன். முன்பு இருநூறுக்கு மேல் இருந்ததாம். கேசட்டின் முதுகில் இருக்கும் சிறு தகட்டை உடைத்துவிட்டால் மறுபடி பதிவு செய்ய முடியாது. அந்த ஓட்டையில் காகிதத்தை ஒட்டினால் மறுபடி செய்யலாம். பழைய நாடகத்தின் மேலேயே புதுப் படப் பாட்டைப் பதிந்து கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். "வெத்துக் கேசட்டு வெலை ஒரு நாள் கூலி. வீட்ல ஒங்க அப்பனும் அத்தைகளும் பசியில இருந்தாக" என்றார் ஐயா. வசதி படைத்த பி.பி.சி. நிறுவனமே 1960களிலும் 1970களிலும் தன் நிகழ்ச்சி நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்திற்று. பிறகு அவற்றை நாடு நாடாகத் தேடிற்று. ஐயா அவ்வகையில் லண்டனுக்குச் சளைத்தவரல்லர்.

அந்த 43க்கும் அடியில், ரப்பர் வளையம் போட்ட 17 கேசட்டுகள் தனியாக இருந்தன. மேலே பெயர் இல்லை. ஊரும் ஆண்டும் மட்டும். அவை கடிதங்கள். சவூதிக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள், வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பேசி அனுப்பியவை. வீட்டில் டேப் இல்லாதவர்கள் ஐயாவின் கொட்டகைக்கு எடுத்து வருவார்கள். ஐயா கேசட்டைப் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, டீக்கடைக்குப் போய்விடுவார். சத்தம் நின்ற பிறகுதான் திரும்புவார். எடுத்துப் போக மறந்தவையும், "இங்கேயே இருக்கட்டும்" என்று சிலர் விட்டுப் போனவையும் அந்தப் பதினேழு.

வேறெங்கும் இல்லாதது என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? முதலில் வைக்க வேண்டியவை இவைதாம் என்று எடுத்து ஒன்றை டேப்பில் போடப் போனேன். ஐயா கட்டிலைவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"அது அவுக வீட்டுப் பேச்சு, ஆத்தா. நாம கேக்கக் கூடாது."

"கேட்டால்தானே யாருடையது என்று தெரியும், ஐயா?"

"எனக்குத் தெரியும்."

உண்மையிலேயே தெரிந்திருந்தது. ஊரையும் ஆண்டையும் பார்த்து ஒன்பது வீடுகளைச் சொன்னார். டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனேன். ஒரு வீட்டில் கேசட்டை வாங்கிக்கொண்டார்கள். போட்டுக் காட்டவா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஓர் அத்தை, பேசியவரையே வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் இப்போது எழுபதைத் தாண்டியவர். 1987ஆம் ஆண்டுக் குரல், மாடு கன்று போட்டதா, கிடாரியா காளையா, வைக்கோல் இருக்கிறதா என்று விசாரித்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் அத்தையின் உடல் நலத்துக்கு வந்தது. "பாத்தியா, அன்னைக்கும் மாடுதான் மொதல்ல" என்று அத்தை சொல்ல, அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது நான்தானா? கொரலு வேற மாதிரி இருக்கே" என்றார். நான் டீக்கடை இருக்கிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தேன். இல்லை. வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன்.

மற்ற எட்டுக்கு உரியவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அவை கேட்கப்படாமலேயே பெட்டியில் இருக்கின்றன.

கழித்தவற்றின் கதை சுருக்கமானது. ரிக்கார்டுகளைக் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். வீட்டு வாசற்கதவுக்கு அந்தப் பணம் உதவிற்று. பாட்டுக் கேசட்டுகளில் நல்லவற்றைப் பழைய மினி லாரிக்காரர்கள் எடுத்துப் போனார்கள். பூஞ்சணம் பிடித்தவற்றின் நாடாவை உருவி, வயலில் குச்சிக்குக் குச்சி கட்டிவிட்டோம். காற்றில் அது விர்ரென்று அதிரும். கதிரில் குருவி இறங்காது. ‘விதி' ஒரு பிரதி அப்படித்தான் போயிற்று.

2019இல் யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் உலகச் சங்கமும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விடுத்தன. நாடா கெடுவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவிகள் உலகத்தில் இல்லாமற் போய்விடும் என்பது அதன் சாரம். எங்கள் டேப்பும் ஓடாமல்தான் கிடந்தது. உள்ளே ரப்பர் பெல்ட் மாற்றினேன், ஒலித்தலையை ஸ்பிரிட்டால் துடைத்தேன், இப்போது ஓடுகிறது. மூன்றாமாண்டு அக்கா ஒருவர் தந்த பழைய மடிக்கணினியில் கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிவேற்றி வருகிறேன். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதில் குறுக்கு வழி கிடையாது. 43இல் 11 முடிந்திருக்கிறது. பருவத் தேர்வு முடிந்ததும் மீதியைத் தொடர வேண்டும்.

நம் கல்லூரித் தோழர்களின் வீடுகளிலும் இப்படிப் பெயரில்லாத கேசட்டுகள் இருக்கலாம். கேட்க டேப் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஈரமாயிருந்தால் நிழலில் உலர்த்திக் கொண்டு வரவும். நான் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே இருப்பேன்.